வேலை பார்க்கிற மனுஷன்

என் தங்கை வீட்டுக்காரனை எல்லோரும் நூல் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் டைல்ஸ் ஒட்டினால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். வாசலில் நின்று பார்த்தால் கடைசிச் சுவர் வரைக்கும் ஒரே கோடாக ஓடும். பெற்றவர்கள் வைத்த பெயர் கல்யாணப் பத்திரிகையில் அச்சாகி வந்தபோது, “இது யாருடா மாப்பிள்ளை?” என்று எங்கள் ஆட்களே கேட்டார்கள்.

அவனிடம் ஒரே ஒரு குறை இருந்தது. மெதுவாக வேலை செய்வான். மெதுவென்றால் கொஞ்சநஞ்ச மெது இல்லை. ஒரு டைல்ஸைக் கையில் எடுத்தால் முன்னும் பின்னும் திருப்புவான், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பான், வளைவு இருக்கிறதா என்று இன்னொன்றோடு முதுகுக்கு முதுகு வைத்துப் பார்ப்பான். பிறகுதான் கலவையைத் தொடுவான். நானும் அவனோடு அதே வேலைதான்; எங்கள் காண்ட்ராக்டர் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டார்: “ஏம்ப்பா நூலு, நீ டைல்ஸ் ஒட்ட வந்தியா, டைல்ஸுக்கு மாப்பிள்ளை பாக்க வந்தியா?” அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் அதுதான் நக்கல். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். “அவசரப்பட்டுக் கட்டிக் குடுத்துட்டு அப்புறம் உக்காந்து அழக்கூடாது பாருங்க” என்பான்.

டைல்ஸ் வேலையில் தட்டிப் பார்ப்பது என்று ஒன்று உண்டு. கலவை காய்ந்த மறுநாள் பூசுகிற கரணையின் கைப்பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். அடியில் கலவை நிறைந்திருந்தால் சத்தம் கெட்டியாக வரும். எங்காவது இடைவெளி இருந்தால் காலிப் பானையைத் தட்டின மாதிரி கேட்கும். அதைத்தான் நாங்கள் பொக்கு என்போம். பொக்கு டைல்ஸ் இன்றைக்குப் பளபளக்கும். ஒரு கனமான பாத்திரம் கை தவறி விழுந்தால் உடையும், இல்லாவிட்டால் வெயில் காலத்தில் தானாகவே கிளம்பி நிற்கும். நூலுக்கு அசாத்தியக் காது. நான் அடுத்த அறையில் தட்டினால் இங்கிருந்தே, “மச்சான், அதை எடுத்துடு” என்பான். நானும் மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுவேன். எங்கள் தொழிலில் ஊரை ஏமாற்ற ஆயிரம் வழி இருக்கிறது. ஆனால் கூட வேலை செய்கிறவனிடம் சத்தத்தைப் பற்றிப் பொய் சொல்வது மட்டும் நடக்காது.

அவனை என் தங்கைக்குப் பார்த்ததே நான்தான். குடியில்லை, சிகரெட் இல்லை, சாயங்காலமானால் வீடு. பேச்சும் கம்மி. “இவருகிட்ட சண்டை போடணும்னாகூட நான்தான் ரெண்டு பக்கமும் பேசணும்” என்று தங்கை குறைப்பட்டுக்கொள்வாள். அந்தக் குறையில் எவ்வளவு பெருமை இருந்தது என்பது கேட்டவர்களுக்குத் தெரியும்.

கெட்ட நேரம் ஒரு ஹோட்டல் கட்டடமாக வந்தது. மாடிக்கு மாடி குளியலறைகள். சுவரில் பூச்சே காயவில்லை, அதற்குள் திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். காண்ட்ராக்டர் வந்து வந்து கத்துவார். கத்துகிறவரிடம் திருப்பிக் கத்துகிற ரகம் நான்; எனக்கு அதெல்லாம் உடம்பில் ஒட்டாது. நூல் அப்படியில்லை. யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுக்கிறவன். “உன்னாலதான் எல்லாம் நிக்குது” என்று எல்லோர் முன்னாலும் அவர் சொன்ன அன்றைக்கு அவன் மதியம் சாப்பிடவில்லை.

அந்தக் கட்டடத்தில் கிரானைட்டுக்குப் பாலிஷ் போடுகிற ஒருவன் இருந்தான். எப்போதும் சிரித்த முகம், எல்லோருக்கும் வேண்டியவன். அவன்தான் நூலைத் தனியாகக் கூப்பிட்டு, “அசதியே தெரியாதுண்ணே, டீ குடிக்கிற மாதிரிதான்” என்று உப்புக் கல்லைப் போல எதையோ கொடுத்திருக்கிறான். ஐஸ் என்று அதற்குப் பெயர். கண்ணாடிக் குழாயில் வைத்துப் புகையை இழுக்கிறார்கள். மனுஷனை உள்ளேயிருந்து கொளுத்துகிற சாமானுக்கு ஐஸ் என்று பெயர் வைத்தவன் யாரோ, அவனை நிற்க வைத்து உதைக்க வேண்டும்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் நூல் வேகமாகிவிட்டான் என்பதுதான். டைல்ஸைத் திருப்பிப் பார்ப்பது நின்றது. மூன்று பேர் செய்கிற வேலையை ஒருவனாகச் செய்தான். முழங்காலில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதே இல்லை. காண்ட்ராக்டர் அவன் தோளில் கை போட்டு, “இப்பதாண்டா நீ மேஸ்திரி” என்றார். மற்றவர்களைப் பார்த்து, “இவனைப் பாத்துக் கத்துக்கங்கடா” என்றார். வாழ்நாளில் முதல் தடவையாக அவனை ஒருவர் வேகத்துக்காகப் பாராட்டினார். அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வீட்டில் இன்னும் விசேஷம். சமையலறைக்கு டைல்ஸ் போட வேண்டும் என்று தங்கை கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் டைல்ஸ் ஒட்டுகிறவன் வீட்டில் வெறும் சிமெண்ட் தரை. கேட்டால், “நம்ம வீடுதானே, நிதானமா நல்லா செய்யலாம்” என்பான். திடீரென்று ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்தான், பொழுது சாய்வதற்குள் சமையலறையோடு கூடத்துத் தரையையும் முடித்துவிட்டான். அதோடு நின்றானா? ஒழுகுகிற குழாயை மாற்றினான், கதவுக்கு வண்ணம் அடித்தான், பாத்திரம் தேய்த்தான். பக்கத்து வீட்டு அம்மா வந்து சமையலறையைப் பார்த்துவிட்டுப் போய்த் தன் கணவரிடம், “வேலை பாக்கற மனுஷன்னா இப்படி இருக்கணும். நீங்களும் இருக்கீங்களே” என்று சொன்னது சுவர் தாண்டிக் கேட்டதாம். தங்கை என்னிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அந்த மாதத்தில்தான்.

பிறகு சட்டை தொளதொளவென்று ஆனது. கன்னம் ஒட்டியது. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே இருப்பான். பேசும்போதுகூடத் தாடை அசைந்துகொண்டிருக்கும். பல் ஓரமெல்லாம் கறுத்துச் சிதைந்தது. தட்டில் போட்ட சாப்பாடு போட்டபடி இருக்கும். கையில் பூச்சி ஊர்கிறது என்று சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்டான். சிமெண்ட் அலர்ஜி என்று நாங்கள் களிம்பு வாங்கிக் கொடுத்தோம். எங்கள் புத்தி அவ்வளவுதான் போனது. சிமெண்டில் புழங்குகிறவனுக்குக் கையில் புண் வந்தால் வேறு எதை நினைப்போம்?

முடிக்காத ஒரு குளியலறைக்குள் அவன் குழாயும் கையுமாக உட்கார்ந்திருந்ததை நான் பார்த்த அன்றுதான் எல்லாம் வெளியே வந்தது. அவன் ஓடவில்லை, மறைக்கவும் இல்லை. “மச்சான், இந்த வேலை முடிஞ்சதும் விட்டுடறேன். பாப்பா மேல சத்தியம்” என்றான். பாப்பா என்பது அவன் மகள், அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். நான் கீழே போய்ப் பாலிஷ்காரன் சட்டையைப் பிடித்தேன். “நான் என்ன வாயில ஊட்டியா விட்டேன்?” என்றான் அவன், அதே சிரித்த முகத்தோடு. நாலு பேர் வந்து என்னை இழுத்து விலக்கினார்கள்.

வேலை முடிந்தது. ஹோட்டல் திறந்தார்கள். சத்தியமும் திறப்பு விழாவோடு போயிற்று. வேலைக்காகத் தொட்டது இப்போது எழுந்து நிற்கவே வேண்டியிருந்தது. அது இல்லாத நாளில் அடித்துப் போட்ட மாதிரி கிடப்பான், எதைச் சொன்னாலும் அழுவான், இல்லாவிட்டால் எரிந்து விழுவான். இதற்கிடையில் ஹோட்டலில் குளியலறைத் தரைகள் ஒவ்வொன்றாகக் கிளம்ப ஆரம்பித்தன. தோளில் கை போட்ட அதே காண்ட்ராக்டர், அதே ஆட்கள் முன்னால், அவனை வாய்க்கு வந்தபடி பேசித் துரத்தினார். “வேகம் வேகம்னு தலையில ஏத்தினது யாரு சார்?” என்று நான் கேட்டேன். என் வேலையும் அன்றோடு போயிற்று. போகட்டும், அந்த ஆளுக்கு இன்னும் நாலு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டோமே என்றுதான் எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகுதான் தட்டுதல் தொடங்கியது. கரணையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வீட்டுத் தரையை ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வருவான். “இங்க பொக்கு. இங்கயும் பொக்கு.” முதலில் அவ்வளவுதான். பிறகு தரைக்குக் காதைக் கொடுத்துக் கேட்டான். அடியில் யாரோ பேசுகிறார்கள் என்றான். தங்கை பேசாமல் இருந்தால் அவளும் அவர்களோடு சேர்ந்துவிட்டாள் என்றான்; இல்லையென்று சொன்னால் பொய் சொல்கிறாள் என்றான். ஒரு நாள் கூடத்தில் நாலைந்து டைல்ஸைப் பெயர்த்துப் போட்டுவிட்டுக் குழந்தையை உள்ளே விடாமல் தடுத்தான். குழந்தை பயந்துபோய்க் கத்தியதில் தங்கை அவளைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டாள். தானும் தங்குவாள் என்று நினைத்தேன். “அவரு தனியா இருந்தா என்ன பண்ணிக்குவாருன்னு தெரியலண்ணே” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

நான் ஆஸ்பத்திரியில் போய் விசாரித்தேன். போதையிலிருந்து மீட்கிற பிரிவுக்கு ஒரு பெண் டாக்டர் இருந்தார். வயதில் சின்னவர். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மெத்தாம்பெட்டமின் என்று அதன் முழுப்பெயரைச் சொன்னபோது எனக்கு அது ஏதோ சிமெண்ட் கம்பெனி பெயர் மாதிரி பட்டது.

“இது முதல்ல மருந்தாத்தான் வந்துச்சுங்க” என்றார். “போன நூற்றாண்டுல பெரிய போர் நடந்தப்போ, சிப்பாய்ங்க தூங்காம நடக்கறதுக்கு மாத்திரையா குடுத்தாங்க. அப்புறம் ஃபாக்டரி, லாரின்னு எங்கெல்லாம் தூங்காம வேலை நடக்கணுமோ அங்கெல்லாம் போயிடுச்சு.”

“அப்ப இது வேலைல வர்ற வியாதியா?”

“எல்லாருக்கும் அப்படி இல்ல. ஆனா நிறைய பேருக்கு வேலைல ஆரம்பிக்கும். அப்புறம் வேலைக்கும் விடாது.” அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “சந்தோஷத்துக்குன்னு மூளை வெச்சிருக்கறதை எல்லாம் ஒரேயடியா கொட்ட வெச்சிடும். அப்புறம் சாப்பாடு, குழந்தை எதுவுமே இனிக்காது. தூங்காம கெடந்தா இல்லாத சத்தம் கேக்கும், கூட இருக்கறவங்க மேல சந்தேகம் வரும். அதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா சரியாகும், காலமாகும். எனக்குப் பயம் இதயம்தான். இது அதை ஓட விட்டுக்கிட்டே இருக்கும். முப்பத்தஞ்சு வயசுக்காரங்களுக்கு அறுபது வயசு இதயம் இருக்கறதை இங்க பாத்திருக்கேன். வந்தா முதல்ல அதைத்தான் பாக்கணும்.”

“கட்டித் தூக்கிட்டு வரவா?”

“வேண்டாங்க. சண்டை போட்டா உங்களையும் எதிரியா நினைச்சுக்குவாரு. அவரா வரேன்னு சொல்ற நேரம் ஒண்ணு வரும். அந்த நேரத்தை மட்டும் விட்டுடாதீங்க. உடனே கூட்டிட்டு வந்துடுங்க.”

மறுநாள் காலையே கார் எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கிறேன் என்றேன்; படுக்கை ஒன்று ஒதுக்கித் தருவதாகச் சொன்னார். எங்கள் தெருவில் கார் ஓட்டுகிற ஒருவர் இருக்கிறார், நல்ல மனுஷர். அவரிடம் விஷயத்தைச் சொல்லி, மறுநாள் காலை காரோடு தங்கை வீட்டு வாசலில் போய் நின்றேன்.

தங்கை கதவைத் திறந்தாள். அவளும் பாதியாகியிருந்தாள். நூல் சமையலறையில் குந்திக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கரணையை மார்போடு அணைத்துக்கொண்டான்.

“மாப்ள, வா, ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வருவோம்” என்றேன்.

“எனக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுக்குத்தான் அடியில எல்லாம் வெத்தா இருக்கு. அதை யாரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க.”

“எல்லாம் நல்லாத்தாங்க இருக்கு” என்றாள் தங்கை. அடுப்புக்கு முன்னால் இருந்த டைல்ஸின்மேல் போய் நின்றாள். “தெனமும் இங்கதானே நின்னு சமைக்கறேன்? ஒரு நாளாவது ஆடியிருக்கா? நீங்க ஒட்டினது எப்படிங்க வெத்தா போகும்?”

அவன் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கரணையை என்னிடம் நீட்டினான். “மச்சான், அதை நீ தட்டிச் சொல்லு. பொக்கு இல்லன்னா நான் பேசாம கார்ல ஏறிடறேன்.”

தங்கை நகர்ந்து நின்றாள். நான் முழங்காலிட்டுத் தட்டினேன். மூலையில் கெட்டி. நடுவுக்கு வந்தால் பானை. இன்னொரு தடவை தட்டினேன், பானைதான். நிமிர்ந்தால் தங்கையின் கண் என்னைக் கெஞ்சுகிறது. ஒரு பொய், ஒரே ஒரு பொய். ஆனால் அவன் காதும் அங்கேதான் இருந்தது. எவ்வளவு சீரழிந்திருந்தாலும் அது நூலின் காது. அவனுக்குத் தெரிந்த சத்தத்தை நான் இல்லையென்று சொன்னால், உலகம் முழுக்கத் தன்னை ஏமாற்றுகிறது என்று அவன் நினைப்பதற்கு நானே சாட்சியாகிவிடுவேன்.

“பொக்குதான் மாப்ள” என்றேன்.

தங்கை அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். நூலின் தோள் தளர்ந்தது. பல மாதமாக விறைத்துக்கொண்டே இருந்த தோள்.

“எல்லாரும் இல்ல இல்லன்னே சொல்றாங்க மச்சான். நீ ஒருத்தன்தான் சொன்னே.” அவன் அந்த டைல்ஸின்மேல் உள்ளங்கையை வைத்தான். “நான் வரேன். நீ கூப்பிடற எடத்துக்கு வரேன். ஆனா இதை இப்படியே விட்டுட்டு வர மாட்டேன். இதை மட்டும் எடுத்து ஒழுங்கா ஒட்டிட்டு வரேன்.”

நானும் அவனுமாக அதைப் பெயர்த்தோம். நாலு மூலைக்கு நாலு உருண்டைக் கலவை, நடுவில் ஒட்டாமல் நின்ற ஓர் உருண்டை, மற்றதெல்லாம் காலி. அவசரத்துக்கு ஒட்டுகிறவர்கள் செய்கிற வேலை அது. நூல் அதைக் குனிந்து பார்த்தான்.

“எந்த நாய் மச்சான் இப்படி ஒட்டினது?”

அவன் என்னைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். அப்புறம் புரிந்துகொண்டான்.

“நான் இப்படி ஒட்ட மாட்டேனே” என்றான். சின்னப் பிள்ளை சொல்கிற மாதிரி சொன்னான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கலவை கெட்டிப்பட ஒரு நாளாவது வேண்டும். ஒட்டிய டைல்ஸில் மறுநாள் வரை கால் வைக்கக் கூடாது, தட்டிப் பார்த்த பிறகே வேலை முடிந்ததாகக் கணக்கு. இது எங்களுக்கு ரத்தத்தில் ஊறினது. அதனால் அவன், “காலைல தட்டிப் பாத்துட்டுக் கிளம்பலாம் மச்சான்” என்றபோது எனக்கு அது தவறாகவே படவில்லை. எவ்வளவு காலம் கழித்து அவன் ஒழுங்கான ஒரு வார்த்தை பேசுகிறான் என்றுதான் பட்டது. தங்கை வாசலுக்கு ஓடினாள். “அண்ணா, நாளைக்குக் காலைல வாங்கண்ணா. அவரே வரேன்னு சொல்லிட்டாரு” என்று அவள் கார்க்காரரிடம் சொன்னது உள்ளே கேட்டது. குரலில் அவ்வளவு துள்ளல். கார் கிளம்பிப் போயிற்று.

மத்தியானம் வரைக்கும் நாங்கள் அந்த ஒரு டைல்ஸை ஒட்டினோம். பழைய கலவையைச் சுரண்டி எடுத்தான். மணலைச் சலித்தான். கை நடுங்கியதால் தண்ணீர் அதிகமாக விழுந்தது. கலவையை ஒதுக்கிவிட்டுப் புதிதாகக் குழைத்தான். நான் செய்கிறேன் என்றாலும் விடவில்லை. டைல்ஸைக் கழுவித் துடைத்து, முன்னும் பின்னும் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.

“என்ன மாப்ள, வரன் அமையலியா?” என்றேன்.

அவன் சிரித்தான். அந்தச் சிதைந்த பல்லோடு சிரித்தான். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வியர்வை அவனுக்கு ஆறாக ஓடியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, மூக்கு நுனியிலிருந்து கலவையில் சொட்டியது. தங்கை முந்தானையால் கழுத்தையும் நெற்றியையும் துடைத்துவிட்டாள். “இவரு இப்படி வேர்த்து வேலை பாத்து எவ்ளோ நாளாச்சு” என்றாள் என்னிடம். இடது தோள்பட்டை இழுக்கிறது என்று அவன் இரண்டு தடவை நிறுத்தித் தேய்த்துக்கொண்டான். எங்களில் தோள்பட்டை இழுக்காதவன் யார்? நான் தைலம் போட்டுத் தேய்த்துவிட்டேன். தாடை வலிக்கிறது என்றான். பல்லைக் கடிக்கிறவனுக்குத் தாடை வலிக்காமல் என்ன செய்யும்? “நாளைக்கு டாக்டர்கிட்ட அதையும் சொல்லு” என்றேன். தங்கை கொடுத்த டீயை மிச்சம் வைக்காமல் குடித்தான். காலி டம்ளரை அவள் என்னிடம் தூக்கிக் காட்டினாள், ஏதோ பரிசு வாங்கிய மாதிரி.

டைல்ஸ் உட்கார்ந்ததும் நாலு பக்கமும் ரசமட்டம் வைத்துப் பார்த்தான். ஓரத்தில் பிதுங்கிய கலவையைத் துணியால் வழித்தான். பக்கத்து வரிசையோடு கோடு சேர்ந்து ஓடியது. பழைய நூல்.

“கொஞ்சம் சாயறேன் மச்சான்” என்றான். அங்கேயே சுவரோரமாகச் சாய்ந்தான். “யாரும் மிதிச்சிடாம நான் பாத்துக்கறேன். நீங்க போய் உக்காருங்க.” தங்கை ஒரு தலையணையைக் கொண்டுவந்து வைத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

எத்தனை நாளாகத் தூங்காத மனுஷன். நாங்கள் இருவரும் கால் விரல் நுனியில் நடந்து கூடத்துக்கு வந்தோம். மின்விசிறியை அவன் பக்கம் திருப்பிவிட்டு வந்தேன். தெருவில் யாரோ ஹாரன் அடித்ததற்குத் தங்கை ஜன்னலைச் சாத்தினாள். பிறகு இருவருமாகக் கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரிக்கு என்னென்ன எடுத்துப்போவது, குழந்தையை எப்போது காட்டுவது, திரும்பி வந்த பிறகு பெரிய வேலை எதையும் ஒத்துக்கொள்ளாமல் சின்னச் சின்ன வேலையாக நானும் அவனும் எடுத்துச் செய்வது. “மெதுவாவே செய்யட்டும்ணே. இனிமே எவனாவது அவரை வேகமா செய்யச் சொன்னா நானே வந்து கேக்கறேன்” என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வீட்டில் தட்டுகிற சத்தம் இல்லை. அந்த அமைதியை நாங்கள் அனுபவித்தோம், உண்மையாகவே அனுபவித்தோம்.

வெயில் தணிந்த பிறகு அவள் ஏதாவது சாப்பிடக் கொடுக்கலாம் என்று எழுப்பப் போனாள். “என்னங்க” என்றாள். மறுபடியும் “என்னங்க” என்றாள். மூன்றாவது தடவை அவள் கூப்பிட்ட விதத்தில் நான் எழுந்து ஓடினேன்.

அதே கார்தான் வந்தது. பின்சீட்டில் அவன் தலை தங்கை மடியில் இருந்தது. அவள் வழியெல்லாம் அவன் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். கார்க்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோனார்கள், கதவைச் சாத்தினார்கள். ரொம்ப நேரம் ஆகவில்லை. வெளியே வந்தவர் அதே பெண் டாக்டர். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கேஸ் தாளை வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். மாரடைப்பு, கொண்டுவருவதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்றார். எழுதுவதற்காகச் சில விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

“கடைசியா எப்ப நல்லா பேசிட்டிருந்தாரு?”

“மத்தியானம்” என்றேன். “ஆஸ்பத்திரிக்கு வரேன்னு அவனே சொன்னான்.”

அவர் பேனா நின்றது. “காலைல கார் எடுத்துட்டுப் போறதா சொன்னீங்களே?”

“நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிட்டோம்.”

அவர் அதற்கு மேல் அதைக் கேட்கவில்லை. நல்ல பெண். “நெஞ்சு வலின்னு சொன்னாரா?”

“இல்ல.”

“தோள், கை, தாடை, இங்கெல்லாம் வலி?”

“தோள் வலின்னான். தைலம் போட்டேன். தாடைன்னான்.”

“வேர்த்துச்சா?”

அதுவரை எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்த தங்கை டாக்டர் பக்கம் திரும்பினாள். முந்தானை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

“வேர்த்துச்சுங்க” என்றாள். “நல்லா வேர்த்துச்சு. வேலை பாக்கறாருன்னு நாங்க சந்தோஷமா இருந்தோம்.”